மூன்றாம் சிலிண்டர்

அக்னி நட்சத்திரத்தில்
எஞ்சின் ஆறியிருக்கும் நேரம் ஒன்றுதான்:
விடியற்காலை நாலரை.
அதுவரை தரை சூடு, சுவர் சூடு,
சத்துவாச்சாரி மலைப்பாறை
பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவெல்லாம் எங்கள் தெருவில்
துப்பிக்கொண்டிருக்கும்.

குளிர்ந்த எஞ்சினில் மட்டுமே செய்க, என்கிறது புத்தகம்.
பனி பெய்யும் ஊர்க்காரன் எழுதிய குளிர்ச்சி.
நமக்குக் கை சுடாமலிருந்தால் போதும்.

சாக்கு விரித்து
வண்டியின் பின்புறம் மல்லாந்து படுக்கிறேன்.
பால்காரர் எத்திராஜுலு சைக்கிளை நிறுத்திக் குனிகிறார்.
"ரேடியேட்டர் எங்கம்மா?"
"கிடையாதுங்க. தண்ணியே வேணாம் இதுக்கு, காத்துதான்."
"அப்ப பாலாத்தங்கரைக்குன்னே செஞ்ச வண்டி!"
மணியடித்துவிட்டுப் போகிறார்.
எங்கள் குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாள்.

அறுபத்தாறாம் வருட வண்டி.
ராணிப்பேட்டையில் ஒரு டேனரி ஷெட்டில்
ஆட்டுத்தோல் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது.
மழைநாளில் இன்னமும் சீட்டு நாறும்.

கம்பிக்கொக்கியை நெம்புகிறேன்.
வால்வு மூடி கழல்கிறது,
எண்ணெய் முழங்கைவரை வழிகிறது.
தக்கை கேஸ்கட் தீர்ந்துபோன ஒரு மாதம்
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கும் நஸ்ரின்
மாட்டுத்தோலில் ஒன்று வெட்டிக் கொடுத்தாள்.
அவ்வளவு அழகான கேஸ்கட்டை நான் பார்த்ததில்லை.
மூன்று நாள் பிடித்தது.
நான்காம் நாள் புகைக்குழாய் மேல் எண்ணெய் சொட்டி
கிரீன் சர்க்கிள் முழுக்க பஜ்ஜிக்கடைப் புகை.
ஹோம்கார்டு வாளியோடு ஓடி வந்தார்.

புல்லியைப் பின்னோக்கி அரைச்சுற்று.
ஒன்று சரி.
இன்னும் அரை. இரண்டும் சரி.
மூன்றுதான்.
விசிறிக் காற்று நாலு பேருக்கும் பொது.
மூன்றின் வழியில் மட்டும் ஆயில் கூலர் நிற்கிறது;
அது தொட்டுச் சூடாக்கிய மிச்சக் காற்றுதான்
பந்தியின் கடைசி இலைக்கு.

போன மாதம் எஞ்சின் அமைதியாகிவிட்டது.
டிக் டிக் இல்லை. ஆம்பூர்வரை போய் வந்தோம்,
தையல் மெஷின் போல ஓடியது.
"என்ன பண்ணின? சத்தமே இல்ல!" என்றார் ஞானராஜ்.
ஒன்றும் பண்ணவில்லை. ஆனாலும்
பெருமையாகத்தான் சிரித்தேன்.

எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.
ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை அறையில் வேலை எனக்கு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பொத்தானை அழுத்துவேன்.
கேட்டவர் கை தூக்குவார்.
கேட்காதவர்
நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து
மரியாதையாகக் காத்திருப்பார்.

அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் ஆறு பங்கு:
அந்தத் தகடு நுழைய வேண்டும்.
நுழையவில்லை.
நாலு பங்குத் தகடும் நுழையவில்லை.
இரண்டு?
ம்ஹும்.

தட்டுகிற வால்வு தொந்தரவுதான், சாகாது.
இறுகிய வால்வு சத்தம் போடாது.
இருக்கையில் ஒரு நொடி முழுதாய் உட்கார்ந்தால்தான்
அதால் தன் சூட்டை இறக்கிவைக்க முடியும்.
இது எத்தனை நாளாய் உட்காரவில்லையோ,
ஆம்பூர் போகவும் வரவும்
நின்றுகொண்டே எரிந்திருக்கிறது.

நட்டைத் தளர்த்தி, திருகை விட்டு,
எட்டு வைத்தேன். மூன்றுக்கு மட்டும் இரண்டு கூடுதல்.
தகடு வெண்ணெயில் கத்தி போல,
ஆனால் லேசாய்ப் பிடித்து, வந்தது.

சாவி. ஒரு இருமல். பிறகு
டிக் டிக் டிக் டிக்.
மாடி ஜன்னல் திறக்கிறது.
"மறுபடியும் சத்தம் வருதே?"
"வரட்டும்."

சுவரில் பென்சிலால் எழுதிவைக்கிறேன்:
தேதி, கிலோமீட்டர், மூன்று, எட்டு.
அடுத்த ஞாயிறு ஆறாகக் குறைந்திருந்தால்
வால்வு நீள்கிறது என்று அர்த்தம்;
எஞ்சினை இறக்கி, ஹெட்டைக் கழற்றி,
சைதாப்பேட்டை லேத்துக்குப் போக வேண்டும்.
பணமில்லை. பார்க்கலாம்.

மணி ஆறு. பானட் ஏற்கெனவே சுடுகிறது.
ஒன்பதுக்கு ஒடுகத்தூரிலிருந்து ஒரு பையன் வருகிறான்.
சோப்பு போட்டும்
நகக்கண்ணில் கருப்பு போகவில்லை.