தரை டிக்கெட்

மூன்றாவது ரசீதுப் புத்தகம் முடியப்போகிறது.
சேர்ந்தது ஐந்து லட்சத்துச் சொச்சம்,
வேண்டியது நாற்பது.
முக்கூடல் பொருநை டாக்கீஸ் மச்சில்
நானூற்றுப் பன்னிரண்டு தகரப் பெட்டிகள்.
திறந்தால் காடி வாடை.
ஆபரேட்டர் மைதீன் பிச்சை ஒவ்வொன்றாய் முகர்ந்து
சாக்பீஸால் குறி போடுகிறார்:
ஆகும், ஆகாது.
குளிர் அறை இல்லையென்றால் நாலு கோடை தாங்காது
என்றாள் சென்னையிலிருந்து வந்து பார்த்த பெண்.
ஒரு கோடை போய்விட்டது.

கோமதிநாயகம் அண்ணாச்சி ஐம்பதாயிரம் எழுதினார்.
திரை விலகியதும் முதலில்
தன் மில் பெயர் வர வேண்டுமாம்.
வரட்டும், அரிசி நல்ல அரிசிதான்.

வீரவநல்லூர் சிதம்பரவடிவு சார்
ஒரு நாற்காலிக்குக் கொடுத்தார்.
"கடைசி வரிசைதானே?" என்று
இரண்டு தடவை கேட்டார்.
மனைவி கூட வராத நாளாகப் பார்த்து வந்திருந்தார்.

மதில் ஏறிக் குதித்துப் பார்த்த பதினோரு படத்துக்கு
வட்டியோடு அனுப்பியிருந்தார் தோஹாவிலிருந்து ஒருவர்.
பேர் போட வேண்டாம்,
எங்க அய்யா இன்னும் இருக்காவ.

சனிக்கிழமை,
கடையில் பீடியை ஒப்படைத்த கையோடு
ஆவுடைத்தங்கம் வந்து நின்றாள்.
விரல் நுனியில் தூள் போகவில்லை.
"நாற்காலி நாலாயிரம்னு போட்டிருக்கியளே,
தரை எவ்வளவு?"
தரை இல்லை என்றேன். டைல்ஸ் போடுகிறோம்,
திரைக்குக் கீழே வரை நாற்காலி.
"நான் நாற்காலியில உக்காந்ததே இல்லையே.
மணலக் குவிச்சு மேடாக்கி ஏறி இருப்பேன்,
முன்னால இருக்கவ கொண்டை மறைக்காம.
வணக்கம் போட்டதும் மேட்டைக் கலைச்சுட்டுத்தான் எந்திரிப்பேன்.
அடுத்த ஆட்டத்துக்காரி நோகாம இருந்துரக் கூடாதுல்லா."
சிரித்தாள். இருநூறு ரூபாயை நீட்டினாள்.
"தரைக்குன்னு எழுதுங்க."

ரசீதில் 'வகை' என்று ஒரு கட்டம்.
நாற்காலி, கூரை, குளிர் அறை, இதர.
இதர என்று எழுதத்தான் கை போனது.
அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
தரை என்று எழுதினேன்.

கமிட்டியில் ஏச்சு.
மணல் போட்டால் பூனை வரும்,
ஆற்றில் அள்ளினால் கேஸ் வரும்,
இல்லாத இடத்துக்கு எவன்வே ரசீது போடச் சொன்னது?
இஞ்சினியர் வரைபடத்தைச் சுருட்டி
கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறக்கப் போனால்
வாசலில் பதினான்கு பெண்கள்,
சிலர் சொளவோடு.
எல்லாருக்கும் தரைதான் வேண்டுமாம்.
நாலாவது புத்தகத்தைப் பிரித்தேன்.
கார்பன் தாள் தேய்ந்தது.
அடிக்கட்டையிலும் விழட்டும் என்று
அழுத்தி எழுதினேன்.