நிக்காது

காட்பாடி மேம்பாலத்துக்குக் கீழே
என் கடையில் எடைக்கு வாங்குவதெல்லாம் பழைய பேட்டரி.
மூடியைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும்,
மீட்டர் அப்புறம்தான்.
ஆறு அறையில் ஒன்று செத்திருந்தால்
மீதி ஐந்தும் அதைச் சுமந்தே சாகும்.
என் சேலைகளில் பாதிக்கு
அமிலம் தின்ற ஓட்டை.

செத்ததும் தேறுவதும் கலந்துவிடக் கூடாதென்று
மகளுடைய சிவப்பு நகப்பூச்சால்
செத்தவற்றின் நெற்றியில் எழுதுவேன்:
நிக்காது.
'சார்ஜ் நிக்காது' என்று முழுசாய் எழுத
நகப்பூச்சு கட்டுபடியாகாது.

மாசக் கடைசியில் ஏகாம்பரத்தின் டெம்போ வரும்.
உருக்கத்தான் போகிறது என்பான்.
துறைமுகம் என்று ஒருதரம் வாய்தவறிச் சொன்னான்.
நான் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு உச்சிவேளை கோசி வந்தான்.
டோகோ தேசத்துப் பிள்ளை, இங்கே இன்ஜினியரிங்.
'அக்கா, ஒரு கம்பெனி பேர் படிச்சுச் சொல்லணும்.'
மூன்று வருஷத்துத் தமிழ்,
பாதி மெஸ்ஸில் கற்றது, பாதி பஸ்ஸில்.

அட்டாக்பாமேக்கு வடக்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி.
அவன் தமக்கை அஃபி அங்கே நர்ஸ்.
கூரைமேல் எட்டு சோலார் தகடு.
தகட்டிலும் குறையில்லை, வெயிலிலும் குறையில்லை.
சாயங்காலம் ஏழு அடித்தால் ஃபிரிட்ஜ் நின்றுவிடும்.
தடுப்பூசி வியர்க்கும்.
செல்போன் வெளிச்சத்தில் தலை தெரியும், குழந்தை வரும்.
'நாலு பேட்டரி. புதுசுன்னு வாங்கினாங்க, போன வருஷம்.
ஸ்டிக்கர் உரிஞ்சது. உள்ளே இது.'

போனை நீட்டினான்.
விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன்.
கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து
கசிந்து வந்திருந்தது சிவப்பு.
நான் புள்ளி வைக்க மாட்டேன், சின்ன வட்டம் போடுவேன்.
அந்த வட்டம் அங்கே இருந்தது.

'கம்பெனி பேர் இல்ல தம்பி.'
'பின்ன?'
'நிக்காதுன்னு எழுதியிருக்கு.'
முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.
'தெரியும்! கண்டக்டர் சொல்வாரே,
விருதம்பட்டுல நிக்காது, நிக்காதுன்னு.
நிக்காம ஓடும், அதானே? நல்ல பேருக்கா.
அப்போ வாரண்டி எங்கே கேட்கணும்?'

வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது.
எங்க ஊர்ல இப்பதான் விடியுது என்றான்,
நான் கேட்காமலே.
தண்ணீர் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன்.
பஸ்ஸுக்கு ஒரு அர்த்தம், பேட்டரிக்கு வேறே என்று
சொல்லத் தொடங்கி,
யார் கையெழுத்து என்பதையும் சொன்னேன்.
சொல்லி முடிக்கும்வரை அவன் குடிக்கவில்லை.
அப்புறமும் குடிக்கவில்லை.

இந்த மாசம் அமிலத்தைப் பீப்பாயில் வடித்துவிட்டு
இருபத்திரண்டுக்கும் வயிற்றில் உளி இறக்கிவைத்தேன்.
எவன் பெயின்ட் அடித்தாலும் எழுந்திருக்காது.
ஏகாம்பரம் குனிந்து பார்த்தான்.
பாதி விலைதான் என்றான்.
சரி என்றேன்.

அந்த நாலுக்கு என்ன வழியென்று
இன்னும் கணக்கு முடியவில்லை.
ராத்திரி பன்னிரண்டரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது.
அங்கே ஏழு.