கார்பெட் ஏரியா

அளக்க வந்த பையன்
லேசர் கருவியைச் சுவரில் பதித்துவிட்டு
எத்தனை அறை என்று மராத்தியில் கேட்டான்.
நின்ற இடத்திலிருந்தே அவனுக்கு எல்லாம் தெரிந்தது.
இருந்தாலும் படிவத்தில் கட்டம் இருக்கிறதே.

பதினெட்டு, என்றாள் மரியபுஷ்பம்.
ஒன்றில் நாங்கள் இருக்கிறோம்.
மீதிப் பதினேழும் மேலே, பரணில்.

அண்ணாந்து பார்த்தான்.
முலாம் போன கோப்பைகள்.
இரண்டு காதும் விரிந்தவை, ஒரு காது உடைந்தவை,
உச்சியில் பித்தளைப் பெண்ணொருத்தி
கேரம் ஆட்டத்தில் எதற்கென்று தெரியாமல்
ஈட்டி ஓங்கி நிற்பது ஒன்று.
கடையில் அன்றைக்கு அதுதான் இருந்ததாம்.

கல்யாணத்தில் சீராக
ஒரு பீரோவும் பதினொரு கோப்பையும் வந்தன.
பீரோ தாராவிச் சந்துக்குள் திரும்பவில்லை, விற்றோம்.
கோப்பைகள் திரும்பின.
மற்ற ஆறும்
இந்த வீட்டிலிருந்து போய் வாங்கியவை.
கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போய்
விரல் நுனியெல்லாம் போரிக் பவுடரோடு வருவாள்.
சிவப்பு யாருக்கு விழுந்தது என்பேன்.
கேட்க மட்டும்தான் எனக்குத் தெரியும்.

பத்துக்குப் பத்தில் எதுவும் சும்மா நிற்க முடியாது.
கோப்பைகளும் வேலைக்குப் போயின.
ஊக்கு, ரேஷன் கார்டு, ஸ்டவ் பின்,
பெரியவனின் முதல் பல்.
குழாய் வராத மே மாதத்தில்
பெண்கள் ஒற்றையர் முதலிடம்
இரண்டு லிட்டர் பிடித்தது.
இரண்டாமிடத்துக்கு மூடி உண்டு.
அதில் சீனி. எறும்பு ஏறாது.
தோற்றதுதான் பாருங்க, உருப்படியான பாத்திரம்.

இரண்டாயிரத்துக்கு முன்னால் இங்கே இருந்தீர்களா?
ஆதாரம் காட்டினால் வீடு.
அலுவலகத்தில் பையைத் திறந்து
கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.
அடித்தட்டில் வெட்டியிருந்தது:
மரியபுஷ்பம், தொண்ணூறடி ரோடு, தாராவி, 1994.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
பாராட்டினார்.
தன் அண்ணனும் நன்றாக ஆடுவார் என்றார்.
கோப்பை ஆவணம் ஆகாது என்றார்.

கிளார்க் அதைத் தூக்கியபோது உள்ளே கலகலத்தது.
கவிழ்த்தார்.
இரண்டு ஊக்கு, ஒரு வெள்ளைக்காய்,
நாலாய் மடித்த கரண்ட் பில்:
அக்டோபர் 1997, நாற்பத்திமூன்று ரூபாய்.
அதை எடுத்துக்கொண்டார்கள்.
கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் கேட்டேன்,
பில் உள்ளே இருந்தது உனக்குத் தெரியுமா?
முதலில் அதைப் படிக்கட்டும் என்றுதான், என்றாள்
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

இப்போது பதினான்காவது மாடி. முந்நூறு சதுர அடி.
கீழே லாபியில் கண்ணாடி அலமாரி,
சிவப்பு வெல்வெட், உள்ளே மஞ்சள் விளக்கு.
வைப்பதற்குத்தான் ஒன்றுமில்லை.
சொசைட்டி செயலாளர் ஷேலார் ஏறி வந்தார்.
கட்டடத்துக்கே பெருமை, கொடுங்கள் தாயி.
பதினேழையும் காலிசெய்து, புளி போட்டுத் தேய்த்து
லிப்டில் மூன்று நடை இறக்கினோம்.
சாவி ஷேலாரிடம்.

அன்று ராத்திரி என் சட்டைப் பட்டன் அறுந்தது.
ஊசி எங்கே என்றேன்.
வடாலா இரட்டையரில், என்றாள் யோசிக்காமல்.
பிறகு இருவரும் தரையைப் பார்த்தோம்.
போர்வையில் பரத்திக் கிடந்தன
பல், ஊக்கு, ரசீது, காலாவதியான மாத்திரை,
ஒரு தட்டில் சீனி,
சீனியைத் தேடிப் பதினாலு மாடி ஏறி வந்த எறும்பு.
புல்டோசர் வந்த மறுநாள் எங்கள் சந்தும்
இப்படித்தான் கிடந்தது.

காலையில் இறங்கிப் போய்
இரண்டாமிடத்தை மட்டும் வாங்கிவந்தாள்.
எதற்கு என்று ஷேலார் கேட்டாராம்.
சீனிக்கு என்றாளாம்.

அலமாரியில் பதினாறு மின்னுகின்றன.
நடுவே வெல்வெட்டில் ஒரு வட்டத் தடம்.
வருகிறவர்கள் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள்.
ஈட்டிக்காரியும்
அந்தப் பக்கம்தான் குறிபார்க்கிறாள்.