பதினாறு வீசை

பசுண்டாங் ஓடைக்கரைக் கிட்டங்கியில்
உளுந்து மூட்டைக்குத் தராசு பிந்தித்தான்.
முதலில் என் தோள் சொல்லும்.
இருபத்திரண்டு வருடத்தில்
அரை வீசைக்கு மேல் அது பிசகியதில்லை.

நர்ஸ் இருபத்தாறு கிலோ என்று எழுதினாள்.
எடை பார்த்துத்தான் மருந்து ஏற்றுவார்களாம்.
பதினாறு வீசை. அதுவும் முழுசாக இல்லை.
உங்கள் மெஷின் தப்பு என்று சண்டை போட்டேன்,
பாதி பர்மியில், பாதி தமிழில்.
பூரணி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு
எனக்காக மறுபடி ஏறி நின்றாள்.
இன்னும் குறைந்தது.

அன்று காலை டலா படகில்
அவளுக்கு இளஞ்சிவப்புச் சட்டை.
முடி கொட்டி மூன்று வாரம்.
எதிரே கூடையோடு இருந்த கீரைக்காரி
என்ன நினைத்தாளோ, செருப்பை விட்டுக் குந்தி
ஒரு தகரக் குவளை அரிசியை
என் மகளிடம் ஏந்தினாள்.
இளஞ்சிவப்பு அங்கித் துறவிச் சிறுமிகளுக்கு
அரிசிதானே இந்த ஊரில் போடுவது.
இல்லையம்மா, இது நோய் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பூரணி என் தொடையைக் கிள்ளினாள்.
கண்ணைத் தாழ்த்தி, பையை விரித்து
வாங்கிக்கொண்டாள்.
பன்சோடான் துறை வரை உதட்டைக் கடித்து வந்தவள்
இறங்கியதும் சிரித்ததில்
விக்கலே வந்துவிட்டது.

ராத்திரி, பாட்டில் பாதி இறங்கியிருந்தபோது கேட்டாள்:
"பொய்யா வாங்கின அரிசிப்பா அது.
அதனாலதான் இன்னிக்கு ரொம்ப வலிக்குதா?"
கொஞ்ச நேரம் கழித்து,
"மொத மொத வந்துச்சே,
அதுக்கு என்ன பண்ணினேன்?"

போர்வையை இழுத்துவிட்டேன்.
அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் வார்டுக்குப் பின்னால்
அலமாரி போக மிச்ச இடத்தில்
பாய் விரிப்பாள் டாவ் ஹ்லா யீ.
அவளிடம் ஊசி கிடையாது, ஃபைல் கிடையாது.
ஒரு பிளாஸ்க் டீ, ஏழு கோப்பை,
அதில் ஒன்றுக்குக் காது இல்லை.
நான் போவதில்லை.
பேசினால் ரத்தத்தில் அணு கூடுமா என்ன?
என் பெண்டாட்டி போவாள்.
அந்த வாரம் பூரணி கையைப் பிடித்து இழுத்தாள்.

அரிசிக் கதையை அவளே சொன்னாள்.
அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று
டாவ் ஹ்லா யீ அவசரப்படவில்லை.
டீயை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
நம்மால்தான் வந்தது என்று
வேறு யாருக்குத் தோன்றியிருக்கிறது?

ஒரு மோன் பையன் முதலில் கை தூக்கினான்.
விகாரை மரத்து மாங்காய்.
அவன் அம்மா: வயிற்றில் இவன் இருந்தபோது தின்ற ஏதோ.
கரேன் தகப்பன் ஒருவர்
காரணம் சொல்லவில்லை, தூக்கினார்.
என் பெண்டாட்டி இரண்டு கையையும்.
முனீஸ்வரருக்கு நேர்ந்த மொட்டையை
வருடா வருடம் தள்ளிப்போட்டாளாம்.
"இப்ப அவரே எடுத்துக்கிட்டாரு" என்றாள்.
எட்டு மாதமாக ஒரே பாயில் படுக்கிறோம்,
எனக்குத் தெரியாது.

என் கை மூட்டைக்கு அடியில்
மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.
மாசி மாதம், கப்பல் லோடு.
முதல் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்து
வளர்ற வலி, தூங்கு என்று சொல்லிவிட்டு
பத்தொன்பது நாள் உளுந்து ஏற்றியவன் நான்.
தூக்கினேன்.

டாவ் ஹ்லா யீ எண்ணினாள். பதினொன்று.
"இந்த நோய்க்கு எத்தனை பேர் சொந்தம் கொண்டாடுகிறீர்கள்!
டாக்டரைக் கேட்டுவிட்டேன்.
மாங்காயில் வராது, மொட்டையில் வராது,
மாத்திரையிலும் வராது.
இறக்குங்கள், டீ ஆறுகிறது."

எல்லாரும் இறக்கிவிட்டார்கள்.
என் கை இன்னும் மேலே இருந்தது
எனக்கே தெரியவில்லை.
பூரணி, ஊசி ஒட்டியிருந்த கையால்
பிடித்துக் கீழே இழுத்தாள்.
பதினாறு வீசைக்கு
அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது?

காய்ச்சல் வந்து வந்துதான் போகிறது.
அரிசியை அம்மாக்கள் கஞ்சி வைத்துவிட்டார்கள்.
அடுத்த ஊசிக்கு, வேண்டுமென்றே, அதே சட்டை.
படகு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.
ஒருத்தரும் எதுவும் போடவில்லை.
பன்சோடானில் இறங்கும்போது
முகம் சுண்டிப்போயிருந்தது.