நான்காவது மாணவி

சாட்ஸ்வொர்த்தில் இறங்கிய பின்னும்
டாக்ஸியின் பாட்டு விலா எலும்பில் அதிர்ந்துகொண்டிருக்கிறது.
முதுநிலை முதலாண்டு. களப்பணி. வியாழக்கிழமை.
பையில் பன்னிரண்டு பக்கப் படிவம்,
இரண்டு பேனா,
காலையில் தின்ன மறந்த ரொட்டி.

ஐம்பத்துநான்கு படி.
கதவைத் திறந்தவனுக்குப் பதினைந்து வயது.
கெஷ்லன் மூணசாமி.
ஒரு மாதமாக எனக்கு அவன் வெறும் வழக்கு எண்.
அட்டையைப் பார்க்கிறான், முகத்தைப் பார்க்கவில்லை.
"யூனிவர்சிட்டியா? நீங்க நாலாவது ஆள்."

சித்தப்பா தூங்குகிறார், துறைமுகத்தில் இரவு வேலை.
வளர்ப்பு ஆணை முடிய ஐந்து மாதம்.
நான் பேனாவின் மூடியைக் கழற்றுமுன்
அவனே தொடங்கிவிடுகிறான்:
"முதல்ல தூக்கம். ஆறு மணி நேரம்.
சாப்பாடு ரெண்டு வேளை, ஒண்ணு ஸ்கூல்ல.
கோவம் வந்தா படிக்கட்டுல போய் உக்காருவேன்.
போன மிஸ் அதுக்கு ஒரு பேர் சொன்னாங்க.
நல்ல பேர். மறந்துபோச்சு."

நான்காம் பக்கத்தில் குடும்ப வரைபடம்.
சதுரம் ஆண், வட்டம் பெண்.
குறுக்கே வெட்டினால் செத்துப்போனவர்.
அம்மாவின் வட்டத்தை மெல்லிய கோட்டால் வெட்டுகிறேன்
மெல்லியதாக இருந்தால் வலிக்காது என்பதுபோல.
அப்பாவின் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

தங்கை தியாரா தாளின் மேல் கவிழ்ந்து
"நொமூசா எங்கே?" என்கிறாள்.
மேல்வீட்டு நொமூசா.
ஞாயிறுதோறும் பீன்ஸ் பானை இறக்கி வைப்பவள்,
பள்ளிக் கடிதங்களில் கையெழுத்துப் போடுபவள்.
ரத்தமில்லை, மணமில்லை, நீதிமன்ற முத்திரையும் இல்லை.
வட்டம் போட்டுவிடலாம்.
கோட்டை எங்கிருந்து இழுப்பது?
பேனாவைப் பிடுங்கிய ஏழு வயது
ஒரு பானையை வரைகிறது,
விளிம்பு தாண்டி, வழக்கு எண்ணின் மேலேயே.

மின்வெட்டு.
கெஷ்லன் போன் வெளிச்சத்தை என் தாளில் பிடிக்கிறான்,
பழகிய கை.
"சீக்கிரம் எழுதுங்க, பதினெட்டு பர்சென்ட்தான் இருக்கு."
பிறகு அதே குரலில்
"நீங்களும் அக்டோபர் வரைக்கும்தானா?"

பதினோராம் அத்தியாயம் இதைத்தான் சொல்கிறது:
பிரிவுக்கான தயாரிப்பை முதல் சந்திப்பிலேயே தொடங்குக.
மஞ்சள் மை பூசி மனப்பாடம் செய்திருந்தேன்.
புத்தகம் வாங்காதவன் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறான்.

'மாணவி மௌனமாக இருந்தார்'
என்று எழுதிக் கொடுத்தேன் பதிவில்.
முனைவர் ம்க்வனாசி ஓரத்தில் பச்சை மையால்
"எவ்வளவு நேரம்? யாருக்காக?" என்று கேட்டிருந்தார்.
பானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
சுற்றி ஒரு வட்டம் மட்டும்.

விடுதியில் அன்றிரவு
என் குடும்ப வரைபடத்தைப் போட்டுப் பார்த்தேன்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாமாவரை வந்து பேனா நின்றது.
அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் படிவம் நிரப்பவில்லை.

அடுத்த வியாழன்.
டாக்ஸி தாமதம், லேசான மழை.
அவன் கதவுக்குள் இல்லை,
படிக்கட்டில், நாற்பதாவது படியில்.
கோபமா என்று கேட்கவில்லை.
படிவத்தை வெளியே எடுக்கவும் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து அவனே
"முதல்ல தூக்கம்" என்று ஞாபகப்படுத்தினான்.

"நேத்து எனக்குத் தூக்கமே வரல" என்றேன்.

நகர்ந்து இடம் விட்டான்.
எதையும் குறித்துக்கொள்ளவில்லை.