திறந்த படம்

குளச்சலிலிருந்து பெர்க்மான்ஸ் அனுப்பிய படம்
நான் எழுதிய மென்பொருளில்
வெறும் சாம்பல் கட்டம்.
"வெப்பி-ன்னு புது ஃபார்மட்டாம். ஒனக்குத் தெரியாதாலே?"
எனக்குத் தெரியும்.
அதற்குத்தான் தெரியாது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய அறை.
மூன்று ராத்திரி.
லாரி போகும்போதெல்லாம்
மேசையில் டம்ளர் நடுங்கியது.

நான்காம் நாள் திறந்தது.
கடல் செங்கல் நிறம்,
வானம் அதைவிட மோசம்.
நான் ஏறிப்போன சிவப்பு வள்ளம்
நீலமாய் நிற்கிறது.

சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன,
எல்லோருக்கும் வரும் பிழைதான்.
ஒரே வரி. திருத்தி,
பெருமையாக அனுப்பினேன்.

"லேய், அது அந்திக்கு எடுத்ததாக்கும்.
வள்ளத்துக்கு ஈஸ்டருக்கே
நீலம் அடிச்சாச்சு மக்கா."

திருத்திய வரியின் முடிவில்
கர்சர் மின்னுகிறது.
ஈஸ்டர் போய்
ஏழு மாதம்.