பொருத்தப்பாடு

சேலத்திலிருந்து வந்த மேடம்
படிவத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:
"சரி, தவறு என்று ஒன்றுமில்லை.
ஆம், இல்லை, கேள்விக்குறி.
யோசிக்காமல் வட்டமிடுங்கள்."
யோசிக்காமல் செய்யப் பழகத்தான்
மூன்று வருடமாகக் காலை ஐந்தரைக்கு,
கோட்டைப் பாறை இன்னும் கறுப்பாகவே கிடக்கும்போது,
இந்தத் தளத்துக்கு வருகிறோம்.
நேற்று, போயும் போயும், யோசித்துவிட்டேன்.

கிருஷ்ணகிரி மைதானம். மே மாதம்.
சிமெண்ட் சுடத் தொடங்குவதற்குள்
பக்கக் கோட்டின்மேல் பத்துப் பேர்,
மடியில் பந்து, பந்தின்மேல் தாள்.
பந்தின் சொரசொரப்பில் பேனா தடுக்கி
என் "இல்லை"களெல்லாம்
பயந்து போட்டவை மாதிரி இருக்கின்றன.

எட்டாவது:
உங்களுக்குத் தேவையானவற்றை
வீட்டில் வாங்கித் தருகிறார்களா?
அப்பா ஷூ வாங்கித் தந்தார்.
ஓசூர் வரை போய், ஒரு சைஸ் பெரிதாக,
"இன்னும் வளருவ" என்று.
கிரானைட் தூசியைக் கையிலிருந்து கழுவிவிட்டுத்தான்
பெட்டியைத் திறந்தார்.
நான் வளரவில்லை.
நுனியில் செய்தித்தாள் திணித்து ஓடுகிறேன்.
ஆம் என்று போட்டேன். உண்மைதான்.

இருபத்திரண்டு: இரவில் திடுக்கிட்டு விழிப்பதுண்டா?
எந்த இரவு என்று போடவில்லை.

முப்பத்தொன்று:
தோல்விக்குப் பிறரைக் குறை சொல்வீர்களா?

நேற்று தர்மபுரியில், ஒரே ஒரு புள்ளி.
நான்கு விநாடி மிச்சமிருந்தது.
எனக்கு நேரே வளையம் திறந்து கிடந்தது,
நான் நஸ்ரீனுக்குத் தள்ளினேன்.
அவள் கையிலிருந்து போன பந்தை எல்லோரும் பார்த்தார்கள்.
என் கையிலிருந்து போனதை
யாரும் பார்க்கவில்லை.
திரும்பும் வேனில் காவேரிப்பட்டினம் வரை
ஒரு சத்தமில்லை.
டீக்கு நிறுத்தியபோது அவள் இறங்கவில்லை.
அவளுக்கென்று ஒரு பன் வாங்கி
நானே தின்றேன்.

இல்லை என்று போட்டேன். அடித்தேன்.
கேள்விக்குறியைச் சுற்றினேன், அதையும் அடித்தேன்.

பக்கத்தில் நஸ்ரீன் ரப்பர் கேட்டாள்.
பேனா எழுத்துக்கு ஏது ரப்பர்?
எச்சில் தொட்டுத் தேய்த்தாள்,
தாள் ஓட்டையாகிவிட்டது
சரியாக முப்பத்தொன்பதில்:
அணியினர் உங்களை விரும்புகிறார்களா?

முனிலட்சுமி எழுந்து கேட்டாள்,
"மேடம், எவ்ளோ மார்க் எடுத்தா நல்லது?"
"குறைவாக எடுத்தால் நல்லது.
ஏற ஏற, பொருத்தப்பாடு மோசம்."
அப்படியென்றால் நேற்று
ஜெயித்தது நாமதான் என்றாள்.
வரிசை முழுக்கச் சிரித்தது. நஸ்ரீனும்தான்,
நேற்றிலிருந்து முதல் தடவை.
சிரித்து முடித்து என் பக்கம் திரும்பினாள்:
"வளையத்துக்கு நேராத்தான நின்ன.
ஏன்டி எங்கிட்ட குடுத்த?"

அறுபது கேள்வியில் அது இல்லை.

மேடம் தாள்களை எண்ணுகிறார்.
ஒன்பது.
விரலை நனைத்துக்கொண்டு மறுபடி எண்ணுகிறார், ஒன்பது.
பந்து எழும்பிவிட்டது,
நஸ்ரீன் எனக்கு வீசிவிட்டாள்,
ஓடுகிறேன்.
வலது கால் ஷூ
இன்றைக்கு லொடலொடக்கவில்லை.